வாரத்தின் மீதித் தொண்ணூற்றைந்து மணி நேரம்

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கும் ஒரு நாள் அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேரம். குழந்தை நாளொன்றுக்கு 14 மணி நேரம் விழித்திருக்கிறது என்று கணக்கிட்டால் வாரத்துக்கு 98 மணி நேரம். மூன்றைக் கழித்தால் மீதி 95. மருத்துவர் சீட்டில் எழுதித் தருவதும், மாதக் கட்டணம் கட்டுவதும், "தெரபி போறானா, முன்னேற்றம் தெரியுதா?" என்று உறவினர்கள் விசாரிப்பதும் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான். மற்ற 95 மணி நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது ஒரே ஒருவர் தலையில் விழுகிறது. அவர் தாய்.

என் அக்கா மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்றாவது வயதில் ஆட்டிசம் என்று உறுதியான நாளிலிருந்து அந்த வீட்டுக்கு எத்தனையோ அறிவுரைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவை. பிள்ளையை வளர்ப்பவர் நாளை காலை எழுந்து எப்படி நடமாடுவார் என்பதைப் பற்றியவை மிகக் குறைவு. பெற்றோருக்கு அன்றாடம் கிடைக்கும் ஆதரவு என்பது சிகிச்சைக்கு அப்பால் இரக்கப்பட்டுச் செய்யும் கூடுதல் உபகாரம் அல்ல, பிள்ளையின் முன்னேற்றம் நிற்கும் தரையே அதுதான் என்பதை நான் புரிந்துகொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. சில நூல்கள் 'மதியிறுக்கம்' என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழர்கள் 'ஓட்டிசம்' என்பார்கள். முதல் பெயர் உண்மைக்கு நேர்மாறான ஒரு படத்தை மனத்தில் பதிக்கிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்குப் புற உலகம் நமக்கு வருவதைவிடப் பல மடங்கு கூடுதலாக உள்ளே வருகிறது. மின்விசிறியின் சத்தம், சட்டைக் காலரின் பின்புறத்தில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டு, பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனை என எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே வலிமையோடு வந்து மோதுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறி கையேடு, சமூகத் தொடர்பில் உள்ள வேறுபாட்டோடும், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களோடும், புலன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ இயங்குவதையும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 'சிந்தனையற்றவன்' என்று சான்றிதழில் எழுதப்பட்ட பிள்ளையைப் பார்க்கும் உறவினருக்கும், 'எல்லாமே கூடுதலாகக் கேட்கிற பிள்ளை' என்று அறிந்து பார்க்கும் உறவினருக்கும் நடத்தையே வேறாக இருக்கும். அதனால் ஆட்டிசம் என்ற சொல்லையே நான் பயன்படுத்துகிறேன்.

அடுத்தது பழி. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் பேசப்படத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், பாசம் காட்டாத குளிர்ந்த தாய்மார்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்ற கருத்து வேரூன்றியது. சிகாகோவில் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் அதை ஊர் உலகமெல்லாம் பரப்பினார். ஏற்கெனவே உறக்கமிழந்திருந்த ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தாங்களே காரணம் என்ற குற்ற உணர்வையும் சுமந்தார்கள். தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் இந்தக் கருத்தை எதிர்த்து, இது மூளை வளர்ச்சி சார்ந்த நிலை என்று வாதிட்டார். 1977-இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு மரபணுக்களின் பங்கைத் தெளிவாகக் காட்டியது. தடுப்பூசியைக் காரணமாகக் காட்டி 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மருத்துவ நூல்களிலிருந்து நீங்கிய அந்தப் பழி நம் கூடங்களிலிருந்து இன்னும் நீங்கவில்லை. "நீ போனைக் கையில குடுத்த, அதான்", "வயித்துல இருக்கும்போது வேலை வேலைன்னு ஓடின", "தனிக்குடித்தனம் போனா பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்?" என்பவை அதே பழைய கருத்தின் தமிழ் வடிவங்கள். இதன் மறுபக்கமாக, "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை தாமதமாத்தான் பேசும்" என்ற ஆறுதல் வரும். அது அன்பில் பிறந்ததுதான். ஆனாலும் பதினெட்டு மாதத்தில் பார்த்திருக்க வேண்டிய குழந்தையை மூன்றரை வயதுவரை மருத்துவரிடம் காட்டாமல் தள்ளிப்போட வைப்பதும் அதுதான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரலால் சுட்டிக் காட்டாமை, வந்த சில சொற்களும் நின்றுபோதல் ஆகியவை தெரிந்தால், மாவட்ட அரசு மருத்துவமனைகளையொட்டி இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் இந்த மையங்கள் உருவாயின. பழியும் வேண்டாம், பொய்யான ஆறுதலும் வேண்டாம், "வா, நானும் கூட வர்றேன், காட்டிட்டு வருவோம்" என்று ஒருவர் சொன்னால் போதும். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் அத்தானின் அம்மா, பையனின் அப்பத்தா. அக்கா அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி வீட்டுக்குள் வருவோம். காலை ஏழு மணிக்குக் குக்கர் விசில் அடிக்கும். ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்தில் அது யார் காதிலும் விழாத சத்தம். எங்கள் பையனுக்கோ அது தலைக்குள் ஆணி அடிப்பதுபோல. ஐந்து வயதுவரை அவன் ஒவ்வொரு விசிலுக்கும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான், சில நாள் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். அதைத் தாங்கப் பழக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். குக்கரையே நிறுத்திவிடு என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் உதவியது வேறொன்று. சாதத்தையும் பருப்பையும் அவன் எழுவதற்கு முன் ஐந்தரை மணிக்கே வைத்துவிடுவது. பகலில் வைக்க நேர்ந்தால், அடுப்பில் ஏற்றும்போதே குக்கர் படம் ஒட்டிய அட்டையை அவனிடம் காட்டி, மூன்று விரல் நீட்டி, மூன்று விசில் வரும் என்று சொல்வது. அவன் விரும்பினால் காதுக்கவசத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடலாம் என்பது. எட்டு வயதில் ஒருநாள் அவனே அட்டையை எடுத்து வந்து அடுப்பைக் காட்டினான், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான், மூன்றாவது விசில் முடிந்ததும் தானே கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

இந்த ஏற்பாட்டின் உள்ளே இருக்கும் தத்துவம் எளியது. என்ன வரப்போகிறது, எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது முடியும் என்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பதற்றம் பெருமளவு குறைகிறது. காதால் கேட்ட சொல் காற்றில் கரைந்துவிடும். கண்ணால் பார்க்கும் படம் அங்கேயே நிற்கும். அதனால்தான் பல் துலக்குதல், குளியல், இட்லி, பள்ளி வேன் என்று வரிசையாகப் படம் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போடும் முறையைச் சிறப்புப் பயிற்றுநர்கள் சொல்லித் தருகிறார்கள். செலவு அட்டைக்கும் வெல்க்ரோவுக்கும் மட்டுமே. ஆனால் அந்த ஒழுங்கை வீட்டிலுள்ள எல்லோரும் காக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விருந்தினர் வருவதும், கிளம்பிக்கொண்டிருக்கும்போது "போற வழியில ஒரு எட்டு அத்தை வீட்டையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்பதும் நமக்குச் சின்ன விஷயம். அக்காவுக்கு அதனால் அடுத்த மூன்று மணி நேரம் போய்விடும்.

'அடம்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடையில் மிட்டாய் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தை, அழுதுகொண்டே ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும். மிட்டாய் கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளை திருமண மண்டபத்தில் நாதசுரமும் தவிலும் முழங்கும்போது தரையில் விழுந்து புரள்வது அப்படிப்பட்டதல்ல. அவனுக்கு அங்கே எதுவும் வேண்டியதில்லை. பாத்திரம் நிறைந்து வழிவதைப்போல அவன் வழிந்துகொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் மிரட்டலும் பேரமும் அறிவுரையும் எல்லாமே கூடுதல் சத்தம்தான். வெளிச்சமும் இரைச்சலும் குறைந்த ஓரிடத்துக்கு அழைத்துச் செல்வதும், மோதிக்கொள்ளாமல் தலைக்கு அடியில் ஒரு கையோ துணியோ வைப்பதும், பேசாமல் பக்கத்தில் இருப்பதுமே செய்யத்தக்கவை. சுற்றி நிற்பவர்கள் செய்யக்கூடிய உதவியும் உண்டு: கூட்டம் கூடாமல் கலைந்துவிடுவது, கைப்பேசியில் படம் எடுப்பவரைத் தடுப்பது, தாயிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு விலகிக்கொள்வது. ஒருமுறை பேருந்தில் இப்படி நேர்ந்தபோது, நடத்துநர் எதுவும் கேட்காமல் முன்வரிசையில் ஜன்னலோர இருக்கையைக் காலி செய்து தந்து, "நீங்க உட்காருங்கம்மா, மெதுவா எறங்கலாம்" என்றார். அன்றைக்கு அக்காவுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

உணவும் உறக்கமும் பெற்றோரை மெல்ல மெல்ல அரைத்துவிடும். வெள்ளையாக இருப்பதை மட்டுமே உண்ணும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம். இட்லி, தயிர்ச்சாதம், பால். தயிர்ச்சாதத்தில் ஒரே ஒரு கடுகோ கறிவேப்பிலையோ தென்பட்டால் தட்டு நகர்ந்துவிடும். அது நாக்கில் படும் தன்மை, நிறம், முந்தைய நாள் போலவே இருக்க வேண்டும் என்ற தேவை எல்லாம் சேர்ந்த ஒன்று. வளர்ப்பில் உள்ள செல்லம் அல்ல. புதிய உணவை ஊட்டித் திணிக்காமல் முதலில் தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்க்க விடுவது, பிறகு தொட, முகர, நக்க விடுவது என்று வாரக்கணக்கில் நகர்வதே பயன் தருகிறது. உறக்கம் இதைவிடக் கடினம். இரவு இரண்டு மணிக்கு விழித்து ஐந்து மணிவரை ஓடி விளையாடும் பிள்ளைக்குப் பின்னால் விழித்திருக்கும் தாய், காலையில் எந்தப் பயிற்சியையும் பொறுமையோடு செய்ய முடியாது. உறக்கச் சிக்கலை 'ஆட்டிசம்னா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். மலச்சிக்கல், பல்வலி, வலிப்பு போன்ற காரணங்கள் பின்னால் ஒளிந்திருக்கலாம், சொல்லத் தெரியாத பிள்ளை அவற்றை உறங்காமையாகவே காட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார்கள். பலருக்குத் தண்ணீரின் மீது பெரும் ஈர்ப்பு உண்டு. கிணறும் குளமும் வாய்க்காலும் உள்ள ஊர்களில் இது உயிர் போகும் அபாயம். கதவின் மேல்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள், சட்டைப் பையிலோ கழுத்திலோ தொலைபேசி எண் எழுதிய அட்டை, தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்கும் ஆட்டோ நிறுத்தத்துக்கும் பிள்ளையின் முகம் தெரிந்திருப்பது ஆகிய மூன்றும் அடிப்படைத் தேவை. பிள்ளையை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைத்து வளர்க்கும் குடும்பங்கள் இழப்பது இந்தக் காவலைத்தான்.

வீட்டில் பெற்றோர் செய்வது உண்மையிலேயே பலன் தருமா என்ற கேள்விக்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் நாட்டையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் உருவான, பெற்றோர் வழியாகச் செய்யும் ஒரு பயிற்சி முறையைக் கோவாவுக்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கும் ஏற்றபடி மாற்றி, 65 குழந்தைகளின் குடும்பங்களில் சோதித்து, முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். அதில் பயிற்சி தந்தவர்கள் மருத்துவர்களோ தெரபிஸ்டுகளோ அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். தாயோ தந்தையோ பிள்ளையோடு சில நிமிடம் விளையாடுவதைப் படம் எடுப்பார்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். பிள்ளை கண்ணைத் தூக்கிப் பார்த்த அரை நொடி, பொம்மையை அம்மா பக்கம் தள்ளிய ஒரு கணம், "ம்" என்ற ஓர் ஒலி. நேரில் தாய் கவனிக்காமல் விட்ட அந்த முயற்சிகள் படத்தில் தெரியும். அந்த இடத்தில் கேள்விகளை அடுக்காமல், பிள்ளை பார்ப்பதையே தானும் பார்த்து, அவன் செய்வதைச் சொல்லாக்கிக் காத்திருப்பதே பயிற்சி. ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோர் பிள்ளையின் போக்கோடு இசைந்து பதில் தருவது கூடியது, பிள்ளை தானாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. சிறிய ஆய்வுதான், மாயம் எதையும் அது வாக்களிக்கவில்லை. ஆனாலும் நகரத்து மையங்களுக்குப் போக முடியாத குடும்பத்துக்கும் வழி இருக்கிறது என்று காட்டியது.

உலகச் சுகாதார நிறுவனமும் இதே எண்ணத்தில், இரண்டு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்காக ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்திருக்கிறது. அதில் பராமரிப்பவரின் சொந்த நலனும் ஒரு பாடமாக இருப்பது எனக்குப் பிடித்த அம்சம். ஏனென்றால் பெற்றோர் பயிற்சி என்ற நல்ல கருத்து, கவனமில்லாமல் கையாளப்பட்டால், தாயின் முதுகில் இன்னொரு சுமையாக ஏறிவிடும். "வீட்டில் பயிற்சி செய்தீர்களா?" என்று ஒவ்வொரு வாரமும் நோட்டைத் திருப்பிப் பார்க்கும் மையங்களில், காய்ச்சலிலும் விருந்திலும் விடுபட்ட நாள்களுக்காகத் தாய்மார்கள் குற்றவாளிகளைப்போல நிற்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது தண்ணீர் ஊற்றுவதும், துணி மடிப்பதும், பட்டாணி உரிப்பதும் பயிற்சியாக முடியும். தனியாக ஒரு மணி நேரம் மேசை போட்டு உட்காருவது மட்டுமே பயிற்சி என்று சொல்பவரிடம், அந்த ஒரு மணி நேரத்தில் சமையலை யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இதற்கு அடுத்தபடியாக வருவது ஓய்வு. வெளிநாடுகள் சிலவற்றில் பராமரிப்பாளருக்குச் சில மணி நேரமோ சில நாளோ விடுப்புத் தரும் மாற்றுப் பராமரிப்புச் சேவைகள் பொது ஏற்பாடாக இருக்கின்றன. நம்மிடம் அது ஏறக்குறைய இல்லை, இருப்பவர்கள் உறவினர்கள்தான். ஆட்டிசம் உறுதியான பிறகு வேலையை விட்டவர்கள் நான் அறிந்த குடும்பங்கள் எல்லாவற்றிலும் தாய்மார்களே. மத்திய அரசில் பணிபுரியும் தாய்மாருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, மாற்றுத்திறன் உள்ள பிள்ளை என்றால் அதற்கு வயது வரம்பும் இல்லை. தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதிய என் அக்காவுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று ஐம்பது பேர் சொல்லியிருப்பார்கள். களைத்திருப்பவரால் உதவியைத் திட்டமிட்டுக் கேட்க முடியாது. "ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை நான் வர்றேன்" என்பதுதான் உதவி. அத்தானின் தம்பி அதைச் செய்தார். முதல் மூன்று ஞாயிறுகள் அக்கா வீட்டிலேயே இருந்தாள், அவர் பையனோடு தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை அவன் அடுக்கும் வரிசையிலேயே தானும் அடுக்கினார். நான்காவது ஞாயிறு அக்கா தெருமுனைவரை போய்த் திரும்பினாள். ஏழாவது ஞாயிறு அவள் இரண்டு மணி நேரமும் படுத்து உறங்கினாள். தந்தையர் பங்கும் இப்படித்தான் அளக்கப்பட வேண்டும்: தெரபிக்குப் பணம் கட்டுவதும் காரில் கொண்டுபோய் விடுவதும் தேவைதான், வாரத்தில் இரண்டு இரவுகள் பிள்ளையோடு தானே விழித்திருப்பது அதைவிடப் பெரிது. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டுமான ஒரு மாலையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 'அண்ணன் பாவம், நீதான் விட்டுக்கொடுக்கணும்' என்று கேட்டே வளரும் தங்கைகளின் மனம் பேசப்படாமலே போகிறது.

அரசுக் காகிதங்களை ஒழுங்குசெய்து தருவதும் பெரிய ஆதரவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஆறு பிரிவுகளில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண், மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். அதை வைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் பதியலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபிச் செலவையும் வரம்புக்குட்பட்டுச் சேர்த்து, வயது வரம்போ முன்பரிசோதனையோ இல்லாமல் தருகிறது. பழைய வருமான வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிவு உண்டு. தமிழ்நாட்டில் 'விழுதுகள்' என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்திருக்கின்றன. சென்னைக்கருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இவை எல்லாம் உண்மையிலேயே நல்லவை. ஆனால் ஒரு சான்றிதழுக்காகக் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று, குழல்விளக்குகள் மினுங்கும் கூடத்தில், ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடும்வரை மதியம் இரண்டு மணிவரை காத்திருப்பதென்பது, இந்தக் குழந்தைகளால் எது முடியாதோ அதையே அவர்களிடம் கேட்பது. நாங்கள் போன ஒரு மருத்துவமனையில், கத்திக்கொண்டிருந்த பையனைக் காட்டி "முதலில் அமைதிப்படுத்திவிட்டு உள்ளே வாருங்கள்" என்றார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நேரம் குறித்து அழைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. அதுவரை, படிவத்தை நிரப்பி, நகல் எடுத்து, வரிசையில் முன்னால் போய் நிற்க ஒரு சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ இருந்தால், பிள்ளை வெளியே வேப்பமர நிழலில் இருக்கலாம்.

பள்ளியிலும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற, ஆறு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமை உண்டு. வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து செல்கிறார்கள். நடைமுறையில் பல பள்ளிகள் "சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் அம்மா வெளியிலேயே இருக்க வேண்டும்" என்கின்றன. அக்கா ஓராண்டு முழுவதும் சைக்கிள் நிறுத்தத்துக்கு அருகே ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பியவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அவர் தனிப்பட்ட பயிற்சி எதுவும் பெற்றவரல்ல. பையனுக்கு இடத்தைக் கதவோரத்தில் மாற்றி, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் மேசையில் ஒரு மணிப் படத்தை வைத்தார், அவ்வளவுதான்.

களைத்த பெற்றோரைத் தேடி வருபவர்களில் ஆபத்தானவர்களும் உண்டு. ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் மருந்து, அழுத்த ஆக்சிஜன் அறை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள், விற்ற நகையையும் அடமானம் வைத்த நிலத்தையும் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-இல் தெளிவாக அறிவித்தது. குணமாக்குகிறேன் என்று சொல்பவரிடம் பெற்றோர் போவதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். 95 மணி நேரத்தில் வேறு யாரும் கூட நிற்காதபோது, கையைப் பிடிக்கும் முதல் ஆளை நம்பத்தான் தோன்றும்.

எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: நமக்குப் பிறகு யார்? பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் சட்டப்படி பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் தாளில் பாதுகாவலராக ஆவதற்கும், அந்தப் பிள்ளையை அறிந்தவராக ஆவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அக்கா இரண்டு ஆண்டுகளாக ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறாள். எந்தத் தட்டு, எந்தத் தலையணை உறை, வயிறு வலித்தால் இடது காதை இழுப்பான், மழை வந்தால் வாசலுக்கு ஓடுவான், கையைப் பிடிக்காதே, முன்னால் போய் நில். பக்கத்துக்கு ஐந்தாறு வரிகள். சென்ற மாதம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, அத்தானின் தம்பி அந்த நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பையனுக்குத் தயிர்ச்சாதம் பிசைந்தார். கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். சாப்பிட்டு முடித்ததும் பையன் நோட்டை எடுத்துப் போய் அக்காவின் தலைமாட்டில் வைத்தான். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, அன்றைய தேதியைப் போட்டு, ஒரு வரியைத் தன் கையெழுத்தில் சேர்த்தார்: தயிர் புளிக்கக் கூடாது, குளிர்ந்தும் இருக்கக் கூடாது.